குற்றாலிங்கத்தின் காலும் கருங்கொக்கு இரண்டாம் பாகமும்

ஜூன் 3, செவ்வாய்

பொழுது போகவில்லை என்றால் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று மகள் செண்பகா பெங்களூரிலிருந்து போனில் சொன்னாள். எழுதுகிறேன்.

பெயர் குற்றாலிங்கம். வயது ஐம்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. காரணம்: சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் மாடு முட்டிவிட்டது.

டாக்டரிடமும் அப்படித்தான் சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மனைவி ஆவுடை, "மாடு இல்ல டாக்டர், முறுக்கு டின். பரண்ல வச்சிருந்தேன். ஸ்டூலப் போட்டு ஏறிட்டாக" என்றாள். தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவள். எந்தத் தகவலையும் உரியவரிடம் சேர்க்காமல் விடமாட்டாள்.

ஜூன் 5, வியாழன்

செண்பகாவிடமிருந்து பார்சல். அவள் கல்லூரி நாட்களில் வீடியோ கேம் விளையாடிய பெட்டி இன்னும் டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது. அதில் போடுவதற்கு ஒரு புது வட்டு அனுப்பியிருக்கிறாள். 'கருங்கொக்கு – இரண்டாம் பாகம்.' அட்டையில் வாளோடு ஒரு ஜப்பானியன். பெயர் தக்கேமாரு. கருங்கொக்கு என்பது பட்டப்பெயர்.

போனில் விளக்கினாள். "இதுல மூணு பேருப்பா. சாமுராய், ஈட்டிக்காரி நட்சுமே, ஒரு குண்டு சாமியார். ஒரு பட்டன அமுக்குனா நீங்க வேற ஆளா மாறிரலாம். மத்த ரெண்டு பேரும் தானா சண்ட போட்டுக்கிட்டே கூட வருவாங்க."

"மொத பாகத்துல எத்தன பேரு?"

"சாமுராய் மட்டுந்தான்."

"ஜெயிச்சானா?"

"ஜெயிச்சான்."

"பொறவு இப்ப எதுக்குத் தொணைக்கு ஆளு?"

"விளையாடிப் பாருங்கப்பா" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு இந்த வயதில் விளையாட்டெல்லாம் கிடையாது. மகள் அனுப்பியது பழுதில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் போகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பழுதில்லை. நான்கு நாளில் பதினோரு மணி நேரம் பரிசோதித்திருக்கிறேன். நாற்பத்தாறு முறை செத்தேன். ஒரு முறை கோழி கொத்திச் செத்தேன்.

துணை ஆட்கள் சுத்த உபத்திரவம். நட்சுமே கேட்காமலே முன்னால் ஓடுகிறாள். சாமியார் எந்நேரமும் எதையாவது தின்கிறார். நான் ஆள் மாற்றும் பட்டனைத் தொடுவதே இல்லை. தக்கேமாரு போதும்.

ஆவுடை அடுக்களையில் எல்லா டப்பாக்களிலும் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாகச் சீரகம் எது, சோம்பு எது என்று வாசனையிலேயே கண்டுபிடிப்பவளுக்கு இது எதற்கு? கேட்டேன். "சும்மாதான்" என்றாள்.

ஜூன் 11, புதன்

நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து, ரசம் வைப்பது எப்படி என்று காட்டினாள். "நொர கூடி வரும்போது அமத்திரணும். கொதிக்க விட்றக் கூடாது. சொல்லுங்க, என்ன செய்யணும்?" நான் சொன்னேன். "இன்னொருக்கச் சொல்லுங்க." கால் உடைந்தவனுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கிற தண்டனை.

போனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும் கற்றுத் தந்தாள். எனக்குத் தெரியும் என்றேன். தெரியவில்லை.

ஜூன் 14, சனி

ஆவுடை ஸ்வெட்டர் வாங்கி வந்திருக்கிறாள். பாளையங்கோட்டையில். ஜூன் மாதத்தில். வாசல் சிமெண்டில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத ஊர் இது. பெங்களூரில் செண்பகாவுக்கு என்று நானே புரிந்துகொண்டேன். அளவு பெரியதாகத் தெரிந்தது. பெண் குண்டாகியிருப்பாள்.

ஜூன் 17, செவ்வாய்

பாலத்தை அடைந்துவிட்டேன். நடுவில் இரும்பு முகமூடி போட்ட தளபதி நிற்கிறான். முன்பக்கம் முழுக்கக் கவசம். வாளால் வெட்டினால் பொறிதான் பறக்கிறது. பத்தொன்பது முறை செத்தேன்.

அடுத்த வீட்டுப் பிச்சுமணி அண்ணாச்சி வந்தார். போலீசில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினம் காலையில் பேப்பர் படிக்க வருவார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன வே, முன்னால நின்னே முட்டுதீரு? கூட ஒரு பொம்பள நிக்காள்லா, அவளப் பின்னாலருந்து குத்தச் சொல்லும்" என்றார். கருங்கொக்கு அப்படிச் சண்டை போடுகிறவன் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூன் 18, புதன்

ஒரு விசித்திரம். நேற்று நிறுத்தும்போது மூன்று பேரும் லெவல் பன்னிரண்டில் இருந்தார்கள். இன்று நட்சுமே மட்டும் இருபத்தொன்று.

ஜூன் 20, வெள்ளி

நட்சுமே இருபத்தாறு. யாரோ என் விளையாட்டில் கை வைக்கிறார்கள்.

எப்போது என்று யோசித்தேன். காலையில் நான் விளையாடுகிறேன். ஒன்றரை மணிக்கு ஆவுடை சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவாள். தபால் ஆபீஸ் ஐந்து நிமிட நடைதான். எனக்குச் சோறும் வலி மாத்திரையும் தருவாள். ஹாலில் டிவிக்கு எதிரே போட்ட கட்டிலிலேயே நாலு மணி வரை தூங்கிவிடுவேன். ஆக, திருடன் அந்த நேரத்தில்தான் வருகிறான்.

அண்ணாச்சி மேல் சந்தேகம். துப்புத் துலக்க விளையாட்டு ரிமோட்டின் மேல் முகப்பவுடர் தூவி வைத்திருக்கிறேன்.

ஜூன் 21, சனி

பவுடர் துடைக்கப்பட்டிருக்கிறது. பட்டன்களில் பெருங்காய வாசனை. அண்ணாச்சி வீட்டில் இன்று சாம்பார் என்று அவரே காலையில் சொன்னார். வலை இறுகுகிறது.

ஜூன் 23, திங்கள்

அவமானம். இன்று விளையாட்டைத் திறந்தால் தக்கேமாரு ரோஜாப்பூ நிற அங்கியில், தலையில் கூடைபோல ஒரு தொப்பியோடு பாலத்தில் நிற்கிறான். என் கருங்கொக்கு! தளபதி அவனைப் பார்த்து ஒரு நிமிடம் பேசாமல் இருந்ததுபோலத் தோன்றியது.

அண்ணாச்சியிடம் நேரடியாகக் கேட்டேன். "உமக்கு ரோஸ் கலர் பிடிக்குமா?" அவர் என் மாத்திரை அட்டையை எடுத்து, பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

ஆவுடையிடம் புலம்பினேன். "பாவம், பிச்சுமணி அண்ணாச்சிக்கும் பொழுது போகாண்டாமா" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் இருமினாள். மருந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 25, புதன்

மாத்திரையை விழுங்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுக் குறட்டை விட்டேன். என் குறட்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பதால் அண்ணாச்சியின் இருமலைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன். போதுமானதாக இருந்தது.

ஆவுடை கையைக் கழுவினாள். முழுதாகத் துடைக்காமலே வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சத்தத்தைக் குறைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

பிறகு நான் பார்த்தது இருபத்தாறு வருஷத்தில் பார்க்காதது. நட்சுமே காற்றில் எழும்புகிறாள், திரும்புகிறாள், ஒரே வீச்சில் மூன்று பேரைச் சாய்க்கிறாள். ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டு, "வால மூதி, வா, இந்தா வாங்கிக்கோ" என்று முணுமுணுக்கிறாள். இவள்தான் செண்பகா பள்ளிக்குப் போகும்போது தெருநாய்க்குப் பயந்து என்னைத் துணைக்கு அனுப்பியவள்.

எழுந்து கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். குறட்டையைத் தொடர்ந்தேன். துப்பு இன்னும் முழுமையாகவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மூன்றாவது நாளாகத் துப்புத் துலக்குகிறேன். நன்றாக விளையாடுகிறாள்.

ஜூன் 28, சனி

சொதப்பிவிட்டேன். கூரையிலிருந்து ஒருவன் அவள் மேல் குதிக்கப் போனான். "இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்திவிட்டேன்.

ஆவுடை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியுது, சும்மா படுங்க" என்றாள். அவனை முடித்த பிறகுதான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. மாவுக்கட்டுக்குள் அரிக்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"ரோஸ் கலரு?" என்றேன்.

"ஒங்களுக்கு எடுப்பா இருந்துச்சுல்லா."

ஜூன் 29, ஞாயிறு

காலை முழுக்க இரண்டு பேரும் தளபதியோடு. ரிமோட் ஒன்றுதான். நான் தக்கேமாருவாக முன்னால் நின்று அவனை இழுப்பேன். அவன் என் பக்கம் திரும்பியதும் பட்டனை அமுக்கி ரிமோட்டை அவளிடம் எறிவேன். அவள் நட்சுமேயாகப் பின்னாலிருந்து குத்துவாள். அவன் அவள் பக்கம் திரும்பினால் ரிமோட் திரும்பி வரும். ஒருமுறை ரிமோட் என் மாவுக்கட்டில் விழுந்தது. ஒருமுறை இட்லி மாவில்.

பதினொன்று இருபதுக்குத் தளபதி விழுந்தான். ஆவுடை எழுந்து நின்று கை தட்டினாள். நானும் எழுந்து நிற்கப் பார்த்து, கட்டிலில் விழுந்தேன்.

நட்சுமேயின் உதவி சிறிது பயன்பட்டது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

அண்ணாச்சி பேப்பரை மடித்துவிட்டு, "ஆவுடை குன்னூருக்குப் போஸ்ட் மாஸ்டராப் போறாளாமே, சந்தோஷம் வே. தபால்காரத் தம்பி சொன்னான். நீரு எப்பிடித் தனியா இருக்கப் போறீரு?" என்றார்.

தெரியும் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அவர் போலீசில் இருந்தவர். நான் ஆட்டிய விதத்திலேயே எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஜூலை 1, சாயங்காலம்

கேட்டேன். ஆவுடை மறைக்கவில்லை. பதவி உயர்வு ஆணை வந்திருக்கிறது. சம்மதமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"ஊரெல்லாம் தெரியுது. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீய. அதான் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா என்ன கொறச்சல்?"

"தர்மபுரிக்கு ஆர்டர் வந்தப்பவும் நீங்க ஒண்ணும் சொல்லலதான். மூணு நாளு சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வச்சுட்டு எந்திரிச்சீய. நாலாம் நாளு நானே வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன்."

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லை என்று நினைவு. முடிவெடுத்தது அவள்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கவலப்படாதீய" என்றாள். "இப்பவும் வேண்டாம்னு எழுதிட்டேன். பையிலதான் இருக்கு. ஒடஞ்ச காலோட ஒங்கள விட்டுட்டு எங்க போவ?"

நல்ல முடிவு என்று சொன்னேன்.

ஜூலை 2, புதன்

இன்று விளையாடவில்லை. சோறு இறங்கவில்லை. மாத்திரையால் இருக்கும்.

ஜூலை 3, வியாழன்

ஆவுடை ஆபீஸுக்குப் போன பிறகு காபி போட்டுக்கொள்ளலாம் என்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். சர்க்கரை டப்பாவைத் தேடும்போது அலமாரியில் ஒரு நோட்டு அகப்பட்டது. அட்டையில் 'அவுகளுக்கு' என்று எழுதியிருந்தது. அவுக நான்தான்.

பத்துப் பக்கம். சோற்றுக்கு எத்தனை விசில், உப்பு எந்தக் கரண்டி, தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவது, பால்காரர் நம்பர், என் பிரஷர் மாத்திரை தீரும் தேதி, நான் கோபப்பட்டால் யாரிடம் போன் பேச வேண்டும் (செண்பகா, அவள் எடுக்காவிட்டால் அண்ணாச்சி). ஏழாம் பக்கத்தில் துவையல் அரைக்கிற மிக்சி ஜாரின் படமே வரைந்திருந்தாள். மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அம்புக்குறி.

முதல் பக்கத்து மேல் மூலையில் தேதி. மே 30.

அதை மறுபடி பார்த்தேன். நான் ஸ்டூலிலிருந்து விழுந்தது மே 31. ஆக, என் கால் உடைவதற்கு முந்தின நாளே அவள் கிளம்பத் தயாராகிவிட்டாள். சனிக்கிழமை காலையில், "சாயங்காலம் காபி குடிக்கையில ஒரு விஷயம் பேசணும்" என்று அவள் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாயங்காலம் நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அந்த விஷயம் என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு மாதமாக, போக மாட்டோம் என்று தெரிந்தும், டப்பாக்களில் பெயர் ஒட்டியிருக்கிறாள். ரசம் கற்றுத் தந்திருக்கிறாள். யாருக்கும் சொல்லாமல் ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறாள்.

காபி போட்டேன். நோட்டில் இருந்தபடி. நன்றாக இருந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது. பயத்தை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பேனா எழுதிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

மூன்று மணிக்கு ஆட்டோ வரவழைத்தேன். வாக்கரோடு தபால் ஆபீஸ் படி நான்கையும் ஏறினேன். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ளினார். எனக்குக் கூச்சம் அதிகம். சிரித்துக்கொண்டே உள்ளே போக வேண்டியதாயிற்று.

கவுண்டரில் ஆவுடை. எதிரே ஆறு பேர். நேராக முன்னால் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருமுறை பார்த்தாள். கண் விரிந்தது. உடனே குரலைச் சரி செய்துகொண்டு, "சார், வரிசையில வாங்க" என்றாள்.

கால் உடைந்த புருஷன்! ஒரு அம்மாள் இரக்கப்பட்டு, "பாவம், அவுக மொதல்ல போகட்டும்" என்றார். ஆவுடை, "இங்க எல்லாருக்கும் ஒரே வரிசதாம்மா" என்று சொல்லிவிட்டாள். நின்றேன். ஒருவர் மஸ்கட்டுக்கு வடகம் பார்சல் அனுப்பினார். எடை கூடி, பிரித்து, ஒரு கை அள்ளி எடுத்து, மறுபடி ஒட்டினார். அந்த ஒரு கை வடகத்தை வரிசையில் நின்ற எங்களுக்கே கொடுத்தார். பச்சை வடகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தின்றேன்.

என் முறை வந்தது.

"என்ன சார் வேணும்?"

"ஒரு ஆளக் குன்னூருக்கு அனுப்பணும்."

"ஆளெல்லாம் அனுப்புறதில்ல."

"ஸ்பீட் போஸ்ட்டுலயாவது?"

பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். சுத்தமாக இருந்த கண்ணாடி.

"ஆவுடை" என்றேன். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கி எனக்கு வயிறு நல்லாத்தான் இருந்துச்சு. நீ போயிரக் கூடாதுன்னுதான் சாப்பிடாமக் கெடந்தேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"இப்ப நல்லா சாப்பிடுவேன். நானே பொங்கிச் சாப்பிடுவேன். நோட்டு கெடச்சுட்டு."

வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைக் கொடுத்துவிட்டாளோ என்று எனக்கு வியர்த்தது. அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நீளக் கவரை எடுத்தாள். கண்ணாடிக்கு அடியில் என் பக்கம் தள்ளினாள்.

"அஞ்சு மணிக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். நீங்களே கிழிங்க."

இரண்டு கையும் வாக்கரில் இருந்தன. ஒன்றை எடுத்தால் விழுந்துவிடுவேன். எனக்குப் பின்னால் மணியார்டர் பாரத்தோடு நின்ற பெரியவர், "நான் கிழிக்கட்டா?" என்று ஆவலோடு கேட்டார். கொடுத்தேன். என்ன ஏது என்று தெரியாமலே நாலாகக் கிழித்து, திருப்தியோடு குப்பைக் கூடையில் போட்டார்.

"அடுத்த ஆளு வாங்க" என்றாள் ஆவுடை.

ஜூலை 12, சனி

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த கால் என்னுடையது போலவே இல்லை. ஊன்றுகோலோடு நடக்கலாம். கல்லூரிக்கு ஆகஸ்ட் பத்து வரை மருத்துவ விடுப்பு நீட்டித்திருக்கிறேன். ஆவுடையிடம் தேதியைச் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

காலை ஆறு மணி கோயம்புத்தூர் பஸ். ஆவுடைக்கு ஜன்னல் சீட். நான் வழியனுப்ப வந்தவனாகப் பெட்டியை மேலே தூக்கி வைத்தேன். கண்டக்டர் விசில் ஊதினார். நான் இறங்கவில்லை.

"எறங்குங்க, பஸ்ஸு எடுக்கப் போறான்!"

பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டைக் காட்டினேன்.

"பத்தாம் தேதி வர லீவு" என்றேன். "அதுக்கப்பறம் மாசம் ரெண்டு சனிக்கெழம வருவேன்."

"துணிமணி?"

"ஒன் பெட்டியிலதான். ராத்திரியே ஒன் ரெண்டு சேலய எடுத்துட்டு வச்சுட்டேன்."

"எந்தச் சேலய?"

கோவில்பட்டி வரும்வரை என்னோடு பேசவில்லை. அதன் பிறகு தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

குன்னூர். மழைத் தூறல். ஆவுடை ஒன்பது மணிக்கே ஆபீஸ் போய்விட்டாள். சாவியெல்லாம் அவள் பொறுப்பாம். நேற்று நாற்காலியில் உட்கார்ந்ததும் கால் தரையில் எட்டவில்லையாம். உயரத்தைக் குறைக்கச் சொல்லி முதல் உத்தரவு போட்டிருக்கிறாள்.

நான் சோறு வைத்து, கூட்டு வைத்து, வெண்டைக்காயை மட்டும் கொஞ்சம் கருக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். கீழ் வீட்டுக்காரர் குடையோடு மேலே ஏறி வந்தார்.

"புதுசா வந்திருக்கீங்களா சார்? என்ன வேலை பாக்கறீங்க?"

கண்காணிப்பாளர் என்று சொல்ல வாயெடுத்தேன். வருஷக்கணக்காகச் சொல்லி வருவது. ஆனால் வாயில் வேறொன்று வந்தது.

"நான் போஸ்ட் மாஸ்டரம்மாவோட வீட்டுக்காரருங்க."

"ஓ, அப்படிங்களா! வணக்கம் சார், வணக்கம்" என்று குடையை மடக்கிக் கும்பிட்டார்.

சொல்லிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. வேறு யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இன்னும் அரைமணி நேரம் வாசலிலேயே நின்றேன். ஒருவரும் வரவில்லை. குளிர் தாங்காமல் உள்ளே வந்துவிட்டேன்.